ஏழு அப்போஸ்தலரும் ஒரு பவர் பிளக்கும்

சந்தியாகப்பர் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது. மின்னழுத்தம் ஒரு முடி இறங்கினாலும் கணக்குக் கெட்டுவிடுமாம். வேதநாயகம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் வாத்தியார் கழுத்தில் தொங்குமே, அப்படி ஒரு ஸ்டாப்வாட்ச் அவர் உள்ளங்கையில் இருக்கிறது. கட்டைவிரலை அதன் தலையில் வைத்தபடி, கருப்புத் திரையில் மேலே மேலே ஏறிப் போகும் வெள்ளை எழுத்துகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். வாசலில் அவர் மனைவி முத்தம்மா, ஏலத்தில் எடுத்த சங்கராவும் நெத்திலியுமாக நிறைந்த அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வர வழியில்லை. வாசலுக்குக் குறுக்கே ஒயர்.

"இன்னாய்யா, ஒயர எடுக்கறியா, தாண்டி வந்து வுய்ந்து சாவட்டுமா?"

"இரு, இரு. எய்ந்துக்கினு கீறாரு."

"ஐஸ் தண்ணி காலெல்லாம் ஒய்வுது."

"ஆச்சி… ஆச்சி… வந்துட்டாரு!" கட்டைவிரல் அழுந்துகிறது. "நாப்பத்தொம்போது செகண்டு! நேத்து அம்பத்திரண்டு. மூணு செகண்டு மிச்சம் பண்ணிக் குடுத்துட்டேன், பாத்தியா?"

அந்த மூன்று செகண்டுக்காக முத்தம்மா வாசலில் நின்றது பத்து நிமிஷம். அதை அளக்க யாரிடமும் ஸ்டாப்வாட்ச் இல்லை.

சந்தியாகப்பர் என்பது வேதநாயகத்தின் வீட்டில் இருக்கும் ஏழு பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்று. ஏழுக்கும் அப்போஸ்தலர்களின் பெயர். அதுவும் இப்போது கோயிலில் வாசிக்கிற புதுப் பெயர்கள் இல்லை, பழைய செபப் புத்தகத்துப் பெயர்கள்: இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், தோமையார் என்று. சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்ற சீடரின் பெயர் கொண்ட இராயப்பர் கிளம்ப மறுத்தால், "மூணாவது தபா மறுதலிச்சிட்டாரு" என்பார். சொல்லிவிட்டுச் சேவல் கூவப்போவதைப் போல ஜன்னலைப் பார்ப்பார். தோமையாருக்குள் இருப்பது ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இயங்குதளம், எதையும் எளிதில் நம்பாமல் பூட்டின்மேல் பூட்டுப் போட்டுக்கொள்ளும் ரகம். "காயத்துல வெரல வுட்டுப் பாத்தாத்தான் உள்ள சேப்பாரு" என்பது அதற்கு அவர் கொடுத்திருக்கும் நற்சான்று.

ஏழிலும் ஏழு இயங்குதளங்கள். எல்லாமே யூனிக்ஸ் என்ற ஒரே குடும்பத்துச் சொந்தபந்தம். இதை அவர் கல்யாணத் தரகர் தோரணையில் விளக்குவார். யூனிக்ஸ் பாட்டன். பி.எஸ்.டி. வகையறா நேர் வாரிசு. லினக்ஸ் வகையறாவோ, "ஜாடை அப்டியே கீது, ரத்தந்தான் வேற." இந்த வம்சத்தில் யார் பேருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆகவே பங்காளிச் சண்டை தீர வழியே இல்லை. அந்தச் சண்டையைத் தன் வீட்டு முன்னறையில் பந்தல் போட்டு நடத்திவைப்பதுதான் வேதநாயகம் ஏற்றுக்கொண்டிருக்கும் வாழ்க்கைப் பணி.

போட்டி நடக்கிற விதம் இப்படி. மெஷினைப் போடுவார். கிளம்பும் நேரத்தை அளப்பார். கிளம்பியதும் ஒரு கட்டளையைத் தட்டினால், எவ்வளவு மெமரி செலவாகியிருக்கிறது என்று திரை சொல்லும். குறைவாகச் செலவழித்தது ஜெயித்தது. அவ்வளவுதான், அணைத்துவிடுவார். அந்த மெஷினில் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தாரா, ஒரு பாட்டுக் கேட்டாரா என்றால் இல்லை. கல்யாணச் சமையல்காரனை அழைத்துவந்து, அடுப்பையே பற்றவைக்க விடாமல், அவன் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறான் என்று மார்க் போட்டு அனுப்புகிற பரீட்சை அது.

ஒருநாள் சின்னப்பர் முன்னாலிருந்து கையைத் தட்டி மனைவியைக் கூப்பிட்டார்.

"யம்மே, இங்க வந்து பாரேன். வெறும் முப்பத்தெட்டு எம்.பி.!"

"இன்னாத்துக்கு?"

"சும்மா கெடக்கறதுக்கு."

முத்தம்மா மீன் செதில் ஒட்டிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சும்மா கெடக்கறதுக்குக் கரண்டு எதுக்குய்யா? நீ கரண்டே இல்லாம கெடக்கறியே!"

வேதநாயகம் இதைக் கேட்டுக் கோபிக்கவில்லை. அறியாத ஜீவன் என்று இரக்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் முத்தம்மாவுக்கு அடியை விட அதிகமாக வலிக்கும்.

அவருக்கு அடையாற்றுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் வேலை. காலையில் பூட்டைத் திறப்பது, ஏ.சி. போடுவது, பிள்ளைகளைச் செருப்பை வெளியே விடச் சொல்வது, மாலையில் ஏ.சி.யை அணைத்துப் பூட்டுவது. முத்தம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது, "மாப்ள கம்ப்யூட்டர்ல கீறாரு" என்று சொன்னார்கள். குப்பமே அண்ணாந்து பார்த்தது. கட்டுமரக்காரர்களும் வலைக்காரர்களும் நிறைந்த உறவில் முதல்முதலாக இஸ்திரிச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறவர். கல்யாணமான புதிதில் முத்தம்மா அந்தச் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுப்பாள். அவர் கம்ப்யூட்டருக்குள் இல்லை, அதன் வெளிப்புறத்தைத் துணியால் துடைக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதற்காக அவள் ஒருபோதும் குறைபட்டதில்லை. துடைக்கிற வேலையில் கேவலம் என்ன? துடைத்துவிட்டு வந்து போப்பாண்டவர் மாதிரி பேசுவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. தி. நகரில், பெயர்ப் பலகையில் விமானப் படம் போட்ட ஒரு பயிற்சி நிலையத்தில் இளவயதில் அவர் யூனிக்ஸ் படித்தார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பலகையிலிருந்து இறங்கி வந்த அந்த விமானத்தில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் டிசம்பர் தோறும் வருவார்கள். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து, கச்சேரிக்குப் போகிற வழியில் சாந்தோமில் காரை நிறுத்தி, "இன்னுமா வேதா அதையே நோண்டிண்டு இருக்கே?" என்று விசாரித்துவிட்டு, கொசு கடிப்பதற்குள் கிளம்புவார்கள். யூனிக்ஸை அவர்கள் விசா முத்திரை குத்திய மை காய்வதற்குள் மறந்திருந்தார்கள். மறக்காதவன் தான் ஒருவன்தான் என்பதில் வேதநாயகத்துக்கு ஒரு கர்வம். ரயில் போன பிறகும் பிளாட்பாரம் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருப்பவனின் கர்வம் அது.

மாலை வேளைகளில் அவரை ராயப்பேட்டையில், உமர் ஃபாரூக்கின் செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர் கடையில் பார்க்கலாம். ஒரு ஸ்டூல், ஒரு டீ, ஓயாத வாய். போன அக்டோபரில் விண்டோஸ் பத்துக்கு இனிப் பராமரிப்பு இல்லை என்று ஆனதிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்களைக்கூட ஜனங்கள் கையில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஃபாரூக்குக்கு நல்ல காலம். அதைக் கெட்ட காலமாக்க வேதநாயகம் ஒருவர் போதும்.

பாத்திரக் கடை முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி வந்தார். தி. நகரில் மூன்று தலைமுறையாக எவர்சில்வர் விற்கிற குடும்பம். திருநெல்வேலிப் பேச்சு இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை. பழைய மெஷினை ஆட்டோவிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தார். "தூரப் போட மனசு வரல. லினக்ஸ் போட்டா இன்னும் நாலு வருசம் ஓடும்னு கடைப் பய சொல்லுதான். எது நல்லது?"

ஃபாரூக் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூல் பேசியது.

"நல்லதுன்னா இன்னா?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். அங்கே விழுந்தது அவருடைய மாலைப்பொழுது. நேர் வாரிசு எது, ஜாடை மட்டும் ஒத்தது எது, முப்பத்திரண்டு பிட் மெஷின்களை யார் யார் கைகழுவிவிட்டார்கள், யார் இன்னும் சோறு போடுகிறார்கள் என்று வேதநாயகம் ஆரம்பித்தார். டெபியன் தன் புதுப் பதிப்பில் அந்தப் பழைய மெஷின்களுக்கு இடமில்லை என்று அறிவித்ததைச் சொல்லும்போது, சொந்தத்தில் சாவு விழுந்ததுபோலக் குரல் தழுதழுத்தது. அண்ணாச்சியின் டீயில் ஆடை படிந்தது.

"எல்லாம் சரிய்யா," என்றார் அண்ணாச்சி கடைசியில். "நமக்கு பில்லு போட்டாப் போதும்."

"பில்லா?" தீர்த்தத் தொட்டியில் கால் கழுவ அனுமதி கேட்டவனைப் பார்ப்பதுபோல வேதநாயகம் அவரைப் பார்த்தார். அண்ணாச்சி மெஷினைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறிவிட்டார்.

"நைனா," என்றார் ஃபாரூக். "பேய் ஓட்டறதுக்குத் தர்காவுல உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கினு கீறாங்க. அங்க போய்க் குந்தேன். என் கஸ்டமர ஏன் ஓட்டற?"

ஆனாலும் அவர் வேதநாயகத்தை வரவேண்டாம் என்று சொல்வதில்லை. விலைபோகாத மெஷின்களை இடம் அடைக்காமல் தூக்கிப் போக ஓர் ஆள் வேண்டுமே! முத்தம்மாவின் வீட்டு முன்னறை, பாயின் கடைக்கு வாடகையில்லாத கிடங்கு.

தவக்காலம் வந்தால் வேதநாயகத்தின் மகிமை கோபுரம் ஏறும். குப்பத்தில் ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார், தைரியசாலிகள் சாராயத்தை விடுவார்கள். வேதநாயகம் மவுஸை விடுவார். விபூதிப் புதனன்று நெற்றிச் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்ததும், ஏழு மெஷின்களிலிருந்தும் மவுஸைப் பிடுங்கிக் காலி பவுடர் டப்பாவில் போட்டு அலமாரிமேல் வைத்துவிடுவார். உயிர்ப்பு ஞாயிறுவரை படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது, வெறும் எழுத்துதான். ஒரு வருஷம் வண்ணத்தையும் சேர்த்து விட்டிருந்தார். இதனால் ஆண்டவருக்கு என்ன பிரயோசனம் என்று பங்குச் சாமியாரே கேட்டதாகக் குப்பத்தில் பேச்சு. "தவம்னா வலிக்கணும், சாமி" என்றாராம். வலித்தது என்னவோ முத்தம்மாவுக்குத்தான். போன வருஷம் அவள் மகளின் சீமந்தப் படங்களைப் பார்க்கக் கேட்டபோது, ஈஸ்டர் கழித்துக் காட்டுகிறேன் என்றார். அதற்குள் பேரனே பிறந்துவிட்டான்.

ஆனால் இந்தத் தவக்காலம் வேறு மாதிரி. இந்தத் தடவை முத்தம்மாவுக்கு இடம் தேவைப்பட்டது.

இறைச்சியை விட்டவர்கள் மீனைத்தான் தேடுவார்கள். ஆக, தவக்காலம் மீன்காரிக்கு அறுவடைக்காலம். அதிலும் குருத்து ஞாயிறிலிருந்து பெரிய வெள்ளிவரை கை ஓயாது. முத்தம்மா இப்போது மீன் அங்காடியில் குந்தி விற்பதோடு நிற்பதில்லை. சுத்தம் செய்து, துண்டு போட்டு, மஞ்சள் தடவி வீடுகளுக்கே அனுப்புகிறாள். மகளிர் குழுவில் சேர்ந்து கற்றுக்கொண்டது. கோட்டூர்புரத்து அடுக்குமாடிகளிலிருந்து வஞ்சிரமும் இறாலும் கேட்கிறார்கள். மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில், "கறுப்புக் கவர்ல போட்டுக் கொண்டுவாங்கோ, மேலே புஸ்தகம்னு எழுதிடுங்கோ" என்று ஒரு மாமா சொல்லியிருக்கிறார். முத்தம்மாவுக்கு எழுத்துச் சிரமம்; புத்தகப் படம் போட்ட கவராகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள்.

குழுவுக்கு ஒரு டீப் ஃப்ரீசர் வந்திருந்தது. யார் வீட்டில் வைப்பது என்பதைக் குழுத்தலைவி காவேரி முடிவு செய்வாள். நிபந்தனை இரண்டே: கீழ்த்தள வீடாக இருக்க வேண்டும், பவர் பிளக் அருகே சுவரோரம் இரண்டு முழம் இடம் காலியாக இருக்க வேண்டும். வைத்திருப்பவளுக்குத்தான் பெரிய ஆர்டர்களைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பு. முத்தம்மாவுக்கு முதல் உரிமை தருவதாகக் காவேரி சொன்னாள். "குருத்து ஞாயித்துக்கு மொத நாளு, சனிக்கிழம காலைல வண்டில ஏத்திக்கினு வருவேன் யக்கா. எடம் இருந்தா எறக்குவேன். இல்லாட்டி அடுத்த பிளாக்கு புஷ்பத்து வூட்டுக்குத் தள்ளிக்கினு பூடுவேன். அப்பால என்னத் திட்டாத."

குடியிருப்பு வாரியம் கட்டிக் கொடுத்த அந்த நொச்சிக்குப்பத்து வீட்டில் பவர் பிளக் ஒன்றே ஒன்று. அதன் அடியில், ஸ்லாட்டட் ஆங்கிள் இரும்பு அலமாரியில், ஏழு அப்போஸ்தலரும் வரிசையாக எழுந்தருளியிருந்தார்கள்.

முத்தம்மா சண்டை போடவில்லை. ஏலத்தில் பேரம் பேசுகிறவள் அவள். எங்கே விட்டுக்கொடுத்தால் எங்கே பிடிக்கலாம் என்று தெரியும். "ஏழையும் தூக்குன்னு சொல்லல. ஒண்ண வெச்சிக்க. மாதா படத்துக்குக் கீய எடம் தரேன். மிச்சம் ஆறும் பாய் கடைக்குப் போவட்டும். எது ஒசத்தின்னு நீதான முப்பது வருசமா பாத்துக்கினு கீற? எது ஜெயிச்சுதோ அது இருக்கட்டும்."

வேதநாயகத்தின் முகம் பிரகாசமாயிற்று. இறுதிப் போட்டி! கல்லூரிக்கு ஒரு வாரம் லீவு போட்டார். மனைவிக்கு டைஃபாய்டு வந்தபோது போடாத லீவு.

வாரம் முழுக்க நடந்ததை முத்தம்மா மீன் அரிந்தபடியே பார்த்தாள். திங்களன்று நெட் பி.எஸ்.டி. ஜெயித்தது, அதாவது சந்தியாகப்பர். செவ்வாயன்று, மெமரி மட்டும் பார்த்தால் போதாது, சூடும் பார்க்க வேண்டும் என்று காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை மெஷின்களின் முதுகில் வைத்தார். சின்னப்பர் ஜெயித்தார். புதனன்று ஒரு மெஷினின் தளத்தை அழித்து இன்னொன்றில் இருந்ததை ஏற்றினார். மெஷினும் வேறு, தளமும் வேறு என்றால் போட்டி நியாயமில்லையாம். அதன் பிறகு யார் யாருக்குள் இருக்கிறார் என்பது அவருக்கே குழம்பியது. இராயப்பருக்குள் தோமையார். தோமையாருக்குள் யாரும் இல்லை.

"ஊர்ப் பஞ்சாயத்துல கூட இவ்ளோ நாளு இய்க்க மாட்டாங்க," என்றாள் முத்தம்மா.

"அவசரப்பட்டா தப்பா பூடும் யம்மே. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நல்லது கீது."

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் வண்டி வரும். முத்தம்மா கையைக் கழுவிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஒரு பரிச்ச வெக்கறேன். குழு ஆர்டர் பக்கம் ஒண்ணு கீதில்ல, எவ்ளோ இறா, எந்த வூடுன்னு வருமே, அது. எந்த மெஷினு அத தொறந்து காட்டுதோ, அது ஜெயிச்சுது. சரியா?"

நல்ல யோசனை. முப்பது வருஷத்தில் அந்த அறையில் யாருக்கும் தோன்றாத யோசனை. வேதநாயகம் அதை ஒரு குழந்தையின் ஆசையைப் போல ஏற்றுக்கொண்டார். தவத்துக்கு மட்டும் அன்று ஒரு மணி நேரம் விலக்கு. பவுடர் டப்பா கீழே இறங்கியது. ஒவ்வொருவருக்கும் அவரவர் மவுஸ் செருகப்பட்டது. சும்மா கிடக்க முப்பத்தெட்டு எம்.பி. போதும் என்ற சின்னப்பர், அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னதும் மாரடைப்பு வந்தவர் போல நின்றார். விசிறி மட்டும் இரைந்தது. சந்தியாகப்பர் தலைப்பைக் காட்டினார், மீனைக் காட்டவில்லை. அருளப்பரில் பாதி வஞ்சிரம் வந்தது, அப்படியே உறைந்தது. பழைய மெஷின்களுக்கு இன்றைய இணையப் பக்கம் என்பது கிழவன் தலையில் ஐஸ் பெட்டி. அது தளத்தின் குற்றமும் இல்லை, மெஷினின் குற்றமும் இல்லை. இது வேதநாயகத்துக்குத் தெரியாததல்ல. வேலை என்று ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால்தானே நினைவுக்கு வரும்?

முத்தம்மா இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து ஒரு விரலால் தட்டினாள். பக்கம் திறந்தது. இறால் ஒரு கிலோ, கோட்டூர்புரம்.

வேதநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பக்கத்த கட்னவனுக்குத் தொழில் தெரியல. ஊதிப்போன பக்கம். எழுத்தா மட்டும் அனுப்பியிருந்தா ஏழுலயும் ஓடும். இன்னாத்துக்கு மீனு படம்? வஞ்சிரம்னு எய்தினா தெரியாதா?"

"தெரியாதுய்யா," என்றாள் முத்தம்மா. "எனக்குப் படிக்க வராது. மீனப் பாத்தாத்தான் தெரியும்."

அவரோ தோமையாருக்குள் யாரை ஏற்றலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை காலை. மூன்று சக்கர மீன்பாடி வண்டி மணியை அடித்துக்கொண்டு பிளாக்குக்குள் நுழைந்தது. விடியலில் ஏலக்கரையிலிருந்து மீன் ஏற்றி இறக்கிய அதே வண்டி. பலகையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய ஃப்ரீசர், அழுக்குப் படாத வெள்ளையில். கூடவே நடந்து வந்த காவேரி, வாசலில் தலையை நீட்டிப் பார்த்தாள். அலமாரியில் ஏழும் அப்படியே. நடுவில் வேதநாயகம், கல்லூரிக்குப் போகிற இஸ்திரிச் சட்டையில், சம்மணத்தில். அருளப்பருக்குள் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.

"யக்கா, எடம் எங்க?"

முத்தம்மா புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணாத்த," என்றாள் காவேரி, "வண்டிக்காரரு வெயில்ல காயறாரு. புஷ்பம் வூட்ல பெருக்கிக் கோலமே போட்டுட்டா. இன்னா சொல்ற? எறக்கவா, தள்ளவா?"

"பத்து நிமிசம்மா. இப்ப நிறுத்தினா பாதில பூடும்."

"புயல் எச்சரிக்க குடுத்தப்போகூட நீ இதத்தான் சொன்ன," என்றாள் காவேரி.

வண்டிக்காரர் சிரித்தார். பக்கத்து வீட்டுக் கதவுகள் இரண்டு திறந்தன. அடுத்த பிளாக் கீழ்த்தள வாசலில் புஷ்பம் ஈரத் தலையை உதறியபடி, இந்தப் பக்கம் பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தம்மா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். ஏலத்தில் கடைசி விலை சொல்லும்போது அவள் குரல் எப்போதும் தாழும்.

"சொல்லுய்யா. எது ஜெயிச்சுது? ஒண்ணே ஒண்ணு சொல்லு. நானே தொடச்சி மாதாவாண்ட வெக்கறேன். ஒரு நாளும் தொட மாட்டேன். மிக்ஸிகூடப் போட மாட்டேன்."

வேதநாயகம் ஏழையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு வலமிருந்து இடமாக.

"அத பொறுத்து," என்றார்.

"எத பொறுத்து?"

"எதுக்குன்றத பொறுத்து."

"சரி. எதுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். பதில் இதோ வரப்போகிறது என்று காவேரிகூட ஓரடி முன்னால் வந்தாள். மூடினார். மறுபடி திறந்தார். "சந்தியாகப்பரு சீக்கிரம் எய்ந்துக்குவாரு… ஆனா தோமையாரு…"

"ஏழும் ஜெயிச்சிடுச்சி போல," என்றார் வண்டிக்காரர்.

"இல்ல," என்றாள் முத்தம்மா. எழுந்து, பவர் பிளக்கின் சுவிட்சைத் தட்டினாள். அருளப்பர் பாதிச் செபத்தில் அணைந்தார். "ஏழும் போவுது. காவேரி, இந்தப் பக்கம் புடி."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மீன்கூடை தூக்கிப் பழகிய கைகள். ஃப்ரீசர் உள்ளே வந்தது. அப்போஸ்தலர்கள் வெளியே போனார்கள். அலமாரியின் சுவரோரத்தில் பல வருஷத்துத் தூசி, சதுரம் சதுரமாக. முத்தம்மா துடைப்பத்தை எடுத்தாள். வேதநாயகம் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. ஒவ்வொன்றும் தூக்கப்படும்போது, "மெல்ல… தலகீயா புடிக்காத… அவருக்கு ஹார்டு டிஸ்க்கு வீக்கு" என்று கூடவே வாசல்வரை நடந்து நடந்து திரும்பினார். எதிரே புஷ்பம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எங்க எறக்கணும்?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"ராயப்பேட்ட, பாய் கடைக்கு," என்றாள் முத்தம்மா. "ஆளும் கூட வருவாரு. குந்த எடம் வுடு."

வேதநாயகம் வண்டியருகே வந்த பிறகுதான் பலகையைப் பார்த்தார். ஏழும் ஐஸ் தண்ணீரில் நின்றன. சங்கரா செதில்கள் மெஷின்களின் காலடியில் மினுங்கின. அவர் பதறிப்போய் மளமளவென்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். வெற்று மார்போடு வண்டியில் ஏறி, சட்டையை நான்காக மடித்துச் சந்தியாகப்பரின் அடியில் செருகக் குனிந்தார். செருகவில்லை. தோமையாரைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பினார். சின்னப்பருக்கு அடியில்தான் தண்ணீர் அதிகம். அருளப்பரோ பாதியில் அணைந்தவர்.

வண்டிக்காரர் மிதித்தார். வண்டி லூப் ரோட்டில் திரும்புவதை முத்தம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்தாள். ஏழு மெஷின்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அவர். மடித்த சட்டை கையிலேயே இருந்தது.